மூளை அதிர்வும் உடற்பயிற்சியும்

எண் சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டு முதுமொழி. ஆகையால் தலையில் அடிபட்டது என்று கேட்டதும் வீட்டில் உள்ளோர் நெஞ்சு பதறுவது இயல்பே. இரத்தம் பெருகினால் அந்தப் பதற்றம் ஒரு வகையில் நன்மையாகவே முடிகிறது. உடனே மருத்துவரிடம் ஓடுகிறோம். ஆனால் தோலில் ஒரு கீறலும் இன்றி, எலும்பு முறிவும் இன்றி, உள்ளே மூளையின் வேலை மட்டும் குலைந்துவிடும் அடி ஒன்று உண்டு. அத்தகைய அடிக்கு ஆளான மாணவர் மீண்டும் பாடசாலைக்கும் ஆடுகளத்துக்கும் திரும்புவதற்கு உடற்பயிற்சி எங்ஙனம் துணை செய்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மருத்துவ நூல்கள் இதனைக் கன்கஷன் என்று அழைக்கின்றன. நாம் மூளை அதிர்வு என்று கூறலாம். மண்டையைப் பிளந்து மூளையைச் சிதைக்கும் காயம் வேறு, மூளையின் தொழிலைச் சில காலம் தடுமாறச் செய்யும் அதிர்வு வேறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாரசீக நாட்டு மருத்துவர் அர்-ராஸி பிரித்துக் காட்டினார். எனினும் அந்த அதிர்வு எத்தகையது என்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவாயிற்று.

நம்முடைய மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. மண்டையோட்டுக்குள் ஒரு நீர்மத்தில் அது மிதந்துகொண்டிருக்கிறது. தலை திடீரென்று ஆட்டம் காணும்போது, குடத்தினுள் தண்ணீர் அலைவது போல மூளையும் அலைகிறது. அதனுள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்பணுக்களின் உள்ளேயும் வெளியேயும் இருக்கவேண்டிய உப்புப் பொருள்கள் இடம் மாறிவிடுகின்றன. அவற்றை மீண்டும் தத்தம் இடத்தில் நிறுத்துவதற்கு மூளைக்கு மிகுதியான ஆற்றல் தேவை. அந்த வேளையில்தான் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமோ குறைகிறது. செலவு மிகுந்து வரவு குறைந்த குடும்பத்தின் நிலை மூளைக்கு நேர்கிறது. உறுப்பு உடையவில்லை, அதன் தொழில்தான் முடங்கியது. ஆதலால் சி.டி. ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தென்படுவதில்லை.

இன்னும் ஒரு செய்தி. மூளை அதிர்வு ஏற்பட்டவர் நினைவிழந்து விழ வேண்டும் என்பதில்லை. அறிகுறிகள் அந்த நொடியிலேயே தோன்ற வேண்டும் என்பதும் இல்லை. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் நடந்த இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டத்தில், கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது. அவர் தொடர்ந்து நின்று ஆடி அந்த ஓவரை முடித்தார். உடைமாற்றும் அறைக்குச் சென்ற பிறகு மருத்துவர்கள் சோதித்து, அவர் களத்துக்குத் திரும்பலாகாது என்றனர். யுஸ்வேந்திர சாகல் மாற்று வீரராக இறங்கினார். 1965 வரை தருமபுரியையும் தன்னுள் கொண்டிருந்த சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டத்தில் முதன்முதலாகப் பந்து வீசியதும் அந்த ஆட்டத்தில்தான். தலையில் அடிபட்டவருக்கு மாற்று வீரரை அனுமதிக்கும் விதியைப் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் 2019 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. தலைக்கவசம் அணிந்தவருக்கும் அதிர்வு நேரலாம் என்பதும், ஐயம் எழுந்தால் ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும் என்பதும் இந்த நிகழ்ச்சி தரும் பாடங்கள்.

ஆனால் எல்லா ஆடுகளங்களிலும் மருத்துவர் காத்திருப்பதில்லை. நம் தருமபுரி மாவட்டத்தையே எண்ணிப் பாருங்கள். ஊர்தோறும் கபடி உண்டு. தை, மாசி மாதங்களில் எருது விடும் விழாக்கள் உண்டு. புளிய மரத்தில் ஏறி உலுக்குவோர் உண்டு. தொப்பூர்க் கணவாய்ச் சாலையின் விபத்துகளைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். இருசக்கர வண்டியில் தலைக்கவசம் இன்றிச் செல்லும் இளைஞரையும் நாள்தோறும் காண்கிறோம். தலையடிக்கு இங்கே வாய்ப்பு மிகுதி. அடிபட்ட பின் என்ன செய்வது என்னும் தெளிவோ குறைவு.

ஒரு மாணவன் கபடியாட்டத்தில் மல்லாந்து விழுந்து பின்மண்டையை மோதிக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். மறுநாள் தலை வலிக்கிறது. வெயிலைப் பார்த்தால் கண் கூசுகிறது. பேருந்தின் இரைச்சல் பொறுக்க முடியவில்லை. நேற்றுப் படித்த பாடம் நினைவில் நிற்கவில்லை. உறக்கம் கெடுகிறது; காரணமின்றிச் சினம் வருகிறது. வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு சாரார், காயம்தான் இல்லையே, பள்ளிக்குப் போகாமல் இருக்கச் சாக்குச் சொல்கிறான் என்பர். மற்றொரு சாரார், தலையில் அடிபட்ட பிள்ளை அசையவே கூடாது என்று சன்னலைச் சாத்தி, இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பர். முன்னவரிடம் இரக்கம் இல்லை. பின்னவரிடம் இரக்கம் உண்டு, ஆனால் அளவு இல்லை. இருவராலும் பிள்ளைக்குக் கேடுதான்.

இருட்டறை ஓய்வு என்பது வீட்டார் கண்டுபிடித்த முறை அன்று. மருத்துவர்களே நெடுங்காலம் அதனை விதித்து வந்தார்கள். தலைவலி தீரும்வரை படிக்காதே, நடக்காதே, விளையாடாதே என்பதே சிகிச்சையாக இருந்தது. இந்த முறையின் மீது ஐயம் எழுந்ததும் புதிதன்று. பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் மூளை அதிர்வுற்றோரை இரு பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சி 1972-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினர்க்கு மருத்துவர் நாள்தோறும் வந்து தைரியம் கூறி, விரைவில் எழுந்து நடமாடச் செய்யும் சிகிச்சை. வழக்கமான சிகிச்சை பெற்றோர் வேலைக்குத் திரும்பச் சராசரியாக 32 நாட்கள் ஆயின. நடமாடச் செய்தவர்களோ 18 நாட்களில் திரும்பினர். இந்த உண்மையை உலகம் அன்று போதிய அளவு செவிமடுக்கவில்லை.

2015-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், 11 முதல் 22 வயது வரை உள்ளவர்களிடம் நடத்திய மற்றுமோர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒரு சாராரை ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக எழச் சொன்னார்கள். மற்றவர்களை ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் வைத்தார்கள். மிகுதியாக ஓய்வெடுத்தவர்களே மிகுதியான தொல்லைகளைத் தெரிவித்தனர். அடுத்த ஆண்டில் கனடா நாட்டு மருத்துவமனைகளிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பற்றிய செய்தி வந்தது. அடிபட்ட முதல் வாரத்திற்குள் ஏதேனும் ஒரு வகையில் உடலை இயக்கத் தொடங்கியவருள் நூற்றுக்கு 25 பேர்க்குத்தான் தொல்லை ஒரு மாதம் நீடித்தது. அசையாது இருந்தவர்களில் நூற்றுக்கு 43 பேர்க்கு நீடித்தது.

ஆனால் உடல்நலம் விரைவாகத் தேறியவர்கள்தாம் விரைவாக நடக்கத் தொடங்கினார்களோ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு விடை காணவே நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லெட்டி, பாரி வில்லர் ஆகிய இருவரும் அவர்களுடைய குழுவினரும் முறையாகச் சோதனை நடத்தினர். 13 முதல் 18 வயது வரை உள்ள 103 இளம் விளையாட்டு வீரர்களைச் சீட்டுக் குலுக்கினாற்போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மூச்சும் நாடியும் சற்றே உயரும்படியான பயிற்சி செய்தனர். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் மெல்லிய பயிற்சி மட்டும் செய்தனர். 2019-இல் வெளியான முடிவின்படி, முதற்பிரிவில் பாதிப்பேர் 13 நாட்களுக்குள் குணமடைந்தனர். இரண்டாம் பிரிவில் அதற்கு 17 நாட்கள் ஆயின. 2021-இல் மேலும் 118 பேரிடம் செய்த சோதனையில் 14 நாட்களுக்கு எதிரே 19 நாட்கள் என்ற கணக்கு வந்தது. தொல்லை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அபாயமும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

உடற்பயிற்சி மூளைக்கு எவ்வாறு நன்மை செய்கிறது? அதிர்வுக்குப் பின் இதயத் துடிப்பையும் இரத்தக் குழாய்களையும் தாமாகவே ஆளும் நரம்பு மண்டலம் ஒழுங்கு தவறுகிறது. படி ஏறினால் தலை சுற்றுவதும், விரைந்து நடந்தால் தலைவலி மிகுவதும் இதனால்தான். அளவான பயிற்சி அந்த நரம்பு மண்டலத்தை மீண்டும் பழக்குகிறது. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் சீராகிறது. இரவில் உறக்கம் வருகிறது. அறையில் தனித்துக் கிடப்பவனைச் சோர்வும் கவலையும் பற்றிக்கொள்கின்றன. நடப்பவனோ பிறர் முகம் காண்கிறான்; நான் தேறி வருகிறேன் என்னும் நம்பிக்கை அவனுக்குப் பிறக்கிறது.

இனி, எவ்வளவு பயிற்சி என்னும் கேள்வி. இதில்தான் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், அளவு மீறுவதும் அளவு குறைவதும் பிணிக்கு வித்து என்னும் கருத்தோடு தொடங்குகிறது. பஃபலோ மருத்துவர்கள் அந்த அளவை எண்ணால் கண்டனர். டிரெட்மில் என்னும் நடைப்பொறியில் நோயாளியை மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கச் செய்கிறார்கள். நிமிடந்தோறும் பொறியின் சாய்வைச் சிறிது உயர்த்துகிறார்கள். தொல்லை எவ்வளவு என்று பத்துப் புள்ளிக் கணக்கில் அவனையே சொல்லச் சொல்கிறார்கள். தொடங்கியபோது இருந்ததைவிட மூன்று புள்ளி ஏறியதும் பொறியை நிறுத்தி, அப்போதைய இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்கிறார்கள். அதுவே அவனுடைய வரம்பு. அந்த வரம்பில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு வரை உயரும்படியான பயிற்சியை நாள்தோறும் 20 நிமிடம் செய்யச் சொல்கிறார்கள். வரம்பு 140 ஆனால் துடிப்பு 112-க்கும் 126-க்கும் இடையில் நிற்க வேண்டும். உடல் தேறத் தேற மீண்டும் சோதித்து வரம்பை உயர்த்துகிறார்கள்.

2022-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய உலக நிபுணர் மாநாடு இந்த வழியை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டில் வெளியான அதன் அறிக்கை, முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை மிதமான ஓய்வு போதும் என்கிறது. அந்த இரு நாட்களிலும் வீட்டுக்குள் நடமாடலாம். கைபேசியையும் தொலைக்காட்சியையும் மட்டும் பெரும்பாலும் ஒதுக்கி வைக்க வேண்டும். 12 முதல் 25 வயது வரை உள்ள 125 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், அந்த 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்களுக்கு மூன்றரை நாளில் தீர்ந்த தொல்லை, தவிர்க்காதவர்களுக்கு எட்டு நாட்கள் நீடித்தது. இரு நாட்களுக்குப் பின் நடை தொடங்கலாம். நடக்கும்போது தலைவலி சற்றே கூடினால் அஞ்சவேண்டியதில்லை. பத்துப் புள்ளிக் கணக்கில் இரண்டுக்கு மேல் ஏறாமலும், ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தும் விட்டால் அதனால் கேடு இல்லை. அதற்கு மேல் ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர வேண்டும்.

இளைஞர்களில் பெரும்பாலோர் நான்கு வாரங்களுக்குள் நலம் பெற்றுவிடுகின்றனர். ஆயினும் மருத்துவமனைக்கு வரும் சிறுவர் சிறுமியரில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர்க்கு அதன் பிறகும் தொல்லை நீடிப்பதாகக் கனடா ஆராய்ச்சி காட்டிற்று. பெண் குழந்தைகளுக்கும், முன்பே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இவ்வாய்ப்பு அதிகம். இவர்களுக்குக் காலம் கடந்துவிட்டதா? இல்லை. சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், நான்கு வாரம் முதல் பதினாறு வாரம் வரை தொல்லைப்பட்ட 30 இளைஞர்களிடம், வரம்புக்குட்பட்ட சைக்கிள் பயிற்சியைச் சோதித்தார்கள். 2017-இல் வெளியான முடிவு, அந்தப் பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் நன்கு தேறினர் என்பதாகும். சிலருக்குத் தலைவலியின் வேர் கழுத்துத் தசையில் இருக்கும். தலைசுற்றலின் வேர் உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பில் இருக்கும். அவர்களுக்கு நடை மட்டும் போதாது. கழுத்துக்கும் கண்ணுக்கும் சமநிலைக்கும் தனித்தனிப் பயிற்சிகள் உண்டு. கனடாவின் கால்கரி நகரில் 31 பேரிடம் செய்த சோதனையில், இப்பயிற்சிகளைப் பெற்றவருள் நூற்றுக்கு 73 பேர் எட்டு வாரத்துக்குள் ஆட்டத்துக்குத் திரும்பத் தகுதி பெற்றனர். பெறாதவர்களில் நூற்றுக்கு 7 பேரே அந்நிலையை அடைந்தனர்.

நேயர்களே, பஃபலோவும் கால்கரியும் வெகு தொலைவில் உள்ளன. அங்குள்ள பொறிகள் நம் பாலக்கோட்டிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் எல்லோர்க்கும் எட்டுமா என்று நீங்கள் எண்ணக்கூடும். இந்தச் சிகிச்சையின் சிறப்பே, அதன் சாரம் பொறியில் இல்லை என்பதுதான். மணிக்கட்டில் இரு விரல் வைத்து 15 விநாடி நாடித் துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத் துடிப்பு கிடைத்துவிடும். பள்ளி விளையாட்டிடமும் வயல் வரப்பும் நடைப்பாதைகளே. வெயில் ஏறுமுன் காலை வேளையில், துணைக்கு ஒருவரோடு, இயல்பாகப் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் தொடங்கலாம். எவ்வளவு நேரம் நடந்தான், துடிப்பு எவ்வளவு, தலைவலி பத்தில் எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால் மருத்துவருக்கு அது பேருதவியாகும்.

ஆனால் ஒன்று மறவாதீர்கள். முதலில் மருத்துவர் ஒருவர் சோதித்து, இது வெறும் அதிர்வே என்று உறுதி செய்தபின்தான் இவை எல்லாம். தலைவலி மேன்மேலும் ஏறினாலும், பலமுறை வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், பேச்சுக் குழறினாலும், கைகால் தளர்ந்தாலும், எழுப்ப முடியாத உறக்கம் வந்தாலும், கண்ணின் இரு பாவைகளும் அளவில் வேறுபட்டாலும், மூக்கிலோ காதிலோ நீர் வடிந்தாலும் ஒரு கணமும் தாமதியாமல் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே செலவுக்கு அஞ்சித் தயங்குதல் வேண்டா.

பிற்பாடு வேண்டப்படும் இயன்முறைச் சிகிச்சையும் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1954-இல் கார் விபத்தொன்றில் முதுகுத்தண்டு சிதைந்து இரு கால்களும் செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் வேலூரில் 1966-இல் ஒரு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. உயிர் பிழைக்கச் செய்வதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை, வாழ்க்கைக்குத் திரும்பச் செய்வதே அதன் நிறைவு என்பதை அந்த அம்மையார் தம் வாழ்வால் காட்டினார். இயன்முறைச் சிகிச்சையை இல்லங்களுக்கே கொண்டு செல்லும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், 2004 வரை நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிற்று. தொல்லை நான்கு வாரத்தைக் கடந்துவிட்டால், அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவரைக் காண வழி கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அடிபட்ட மாணவனை முழுமையாகக் குணமாகும்வரை பள்ளிக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தலும் தவறு. வந்த முதல் நாளே எல்லாத் தேர்வையும் எழுது என்று வற்புறுத்தலும் தவறு. முதலில் அரை நாள் வரட்டும். வகுப்பின் நடுவே சிறிது இளைப்பாறட்டும். வெயில் படாத இருக்கையைக் கொடுங்கள். தேர்வுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் கொடுங்கள். மாணவியர் திறத்தில் இன்னும் கவனம் வேண்டும். நோயைக் காரணமாக்கி வீட்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட பெண் படிப்பை இழந்துவிடலாகாது.

விளையாட்டைப் பொறுத்தவரை ஒரு கண்டிப்பு உண்டு. நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு தனியாகச் செய்யும் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் ஒதுக்கி ஏற வேண்டும். மேல் விழுந்து மோதும் கபடி போன்ற ஆட்டங்களுக்குத் தொல்லை முற்றிலும் நீங்கி, மருத்துவர் ஒப்புதல் தந்த பின்னரே திரும்ப வேண்டும். முதல் அதிர்வு ஆறுமுன் மற்றோர் அடி விழுந்தால், அரிதாகவேனும், மூளை வீங்கி உயிருக்கே தீங்கு நேர்வதுண்டு. நடப்பதற்குத் தைரியம் வேண்டும். ஆடாமல் காத்திருப்பதற்கும் தைரியம் வேண்டும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் வீரம் விளைந்த தகடூர் மண்ணின் பிள்ளைகள். அடிபட்டதை மறைத்து ஆடுவதை வீரம் என்று கருதாதீர்கள். உங்கள் தோழன் ஒருவன் தலையில் அடிபட்டு, மூன்று வாரம் ஆகியும் தலைவலி என்கிறான் என்றால் அவனை நம்புங்கள். அவனுடைய காயம் படத்தில் தெரியாது. அவன் சொல்லில்தான் தெரியும். நம்பிய பின், மருத்துவரின் அனுமதி பெற்று, மாலையிலோ காலையிலோ அவனை அழைத்துக்கொண்டு இருபது நிமிடம் நடந்து வாருங்கள்.